கூரையை அப்புறம் பார்க்கலாம், முதலில் தண்ணீருக்கு வழி

கேள்வி: சார், திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. 1998-இல் கட்டிய 850 சதுர அடி மொட்டை மாடி வீடு. பின்பக்கம் சமையல் கொட்டகைக்கு சிமெண்ட் ஷீட் போட்டிருக்கிறோம். ஃபெஞ்சல் புயல் அன்று ராத்திரி கொட்டகையில் இரண்டு ஷீட் பறந்துவிட்டது, ஒன்று உடைந்து தொங்குகிறது. மாடியில் அரை அடிக்குத் தண்ணீர் நிற்கிறது, இறங்கவே இல்லை. ஹாலில் ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டுகிறது. போன வருடம் ஆசையாகப் போட்ட படுக்கையறை ஃபால்ஸ் சீலிங் நடுவில் தொங்கி நிற்கிறது. தளம் இடிந்து விழுமோ என்று இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. பையன் ஷீட் மேல் ஏறித் தார்ப்பாய் போடுகிறேன் என்கிறான். ஒருவர் வந்து, இன்றைக்கே கெமிக்கல் அடித்துத் தருகிறேன், 38 ஆயிரம், பாதி முன்பணம் என்கிறார். எதை முதலில் செய்வது?

பதில்: அம்மா, கடிதம் கையில் கிடைத்த அன்றே போனில் பேசிவிட்டோம். அவசரத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறிய புயல், பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்று கொட்டிவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.யை ஒட்டிப் பெய்திருக்கிறது. உங்கள் பக்கத்தில் இதே நிலையில் நிறைய வீடுகள் இருக்கும்.

வீடு கட்டுவதிலும் ரிப்பேர் பார்ப்பதிலும் முப்பது வருடம் ஓட்டியவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். மழை நடக்கும்போது யாராலும் கூரையை ரிப்பேர் செய்ய முடியாது. செய்து தருகிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள். இப்போதைக்கு இரண்டே வேலைதான்: வீட்டு ஆட்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வது, தண்ணீருக்கு ஒரு வழி காட்டுவது. ஒழுகல் நிற்கவில்லையே என்று தவிக்க வேண்டாம். ஒழுகுகிற தண்ணீர் வாளியில் விழுந்தால் போதும்.

முதலில் கரண்ட். ஃபேன் கொக்கியில் சொட்டுகிறது என்று படித்ததுமே எனக்குப் பயம் தளத்தைப் பற்றி இல்லை, வயரைப் பற்றித்தான். தளம் போடும்போதே ஃபேனுக்கும் லைட்டுக்கும் பிவிசி குழாயை கம்பியோடு சேர்த்துக் கான்கிரீட்டுக்குள் புதைத்திருப்பார்கள். மாடித் தண்ணீர் எங்கேயோ ஒரு கீறலில் இறங்கி அந்தக் குழாயைப் பிடித்துவிட்டால், அதற்கு அது ஒரு வாய்க்கால் மாதிரி. பத்தடி ஓடி வந்து ஃபேன் கொக்கிப் பெட்டியில் எட்டிப் பார்க்கும். அதாவது உங்கள் ஹாலில் சொட்டுகிற தண்ணீர் வயரோடு வயராகக் குளித்துவிட்டுத்தான் வருகிறது. மெயினை அணைத்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் நான் போனில் கேட்டதும் நீங்கள் "அட, ஆமாம்" என்றீர்களே, அந்த இன்வர்ட்டர்! மெயினை அணைத்தாலும் இன்வர்ட்டர் தன் பாட்டுக்கு ஹால் ஃபேனுக்கும் லைட்டுக்கும் கரண்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். இன்வர்ட்டரை மட்டும் அணைத்தாலோ, சில மாடல்களில் மெயின் கரண்ட் அதைத் தாண்டி நேராகப் போய்விடும். இரண்டையும் அணைக்க வேண்டும். மெயின் போர்டே நனைந்திருந்தாலோ, போர்டுக்குப் போகிற வழியில் தண்ணீர் நின்றாலோ, கை வைக்காதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்து கம்பத்திலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். சொட்டுவது நின்றதும் உடனே போடவும் கூடாது. எலக்ட்ரீஷியன் வந்து கொக்கி மேலே இருக்கிற கிண்ணத்தை இறக்கி, பெட்டி காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான்.

அடுத்தது மாடி. தளம் விழுமோ என்று கேட்டிருந்தீர்கள். ஒழுகுவதாலேயே ஒரு வாரத்தில் கான்கிரீட் தளம் விழுந்துவிடாது. ஒழுகல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், அது வருடக்கணக்கில் நடக்கிற சமாசாரம். இப்போது கவலைப்பட வேண்டியது நிற்கிற தண்ணீரின் கனத்தைப் பற்றி. ஒரு சதுர மீட்டரில் அரை அடி, அதாவது 15 செ.மீ. தண்ணீர் நின்றால் 150 கிலோ. உங்கள் 850 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 12 டன். மணல் ஏற்றிய ஒரு லாரியை மாடியில் நிறுத்தி வைத்த மாதிரி. ஆட்கள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு நம் நாட்டுக் கட்டட விதி, ஐ.எஸ். 875, சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்றுதான் கணக்கு வைக்கச் சொல்கிறது. அதற்கு மேலும் ஒரு பாதுகாப்புக் கையிருப்பு உண்டு. ஆகவே முறையாகக் கட்டிய தளம் தாங்கும். ஆனால் 26 வருடத்துக்கு முன்னால் கிராமத்தில் மேஸ்திரி கண் அளவில் கம்பி கட்டிய தளமா, இஞ்சினியர் வரைபடம் போட்டதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றீர்கள். அதனால் அந்தத் தண்ணீர் இறங்கியாக வேண்டும்.

வெளியேறாத தண்ணீருக்குப் பத்தில் ஒன்பது இடத்தில் காரணம் குழாய் வாயில் அடைப்புதான். மழையும் காற்றும் இடியும் இல்லாத நேரம் பார்த்து, படிக்கட்டு வழியாகப் பெரியவர்கள் இரண்டு பேர் போகலாம். பாசி வழுக்கும், வெறுங்காலோடு அடி மேல் அடி வையுங்கள். குழாய் வாய் எந்த மூலை என்று ஞாபகப்படுத்திக்கொண்டு, நீளமான கழியால் கிளறுங்கள். கையை விட வேண்டாம். அடைப்பு திறக்கிற நொடியில் தண்ணீர் இழுக்கும் இழுப்பு லேசானதல்ல. 2016 வர்தா புயலுக்கு அடுத்த நாள் சென்னையில் ஒரு வீட்டு மாடியில் நானே இப்படிக் கிளறினேன். முதலில் வேப்பிலை, அப்புறம் ஒரு பால் பாக்கெட், அதற்குப் பின்னால் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. செருப்பு வந்ததும் மாடியே கொப்பளித்த மாதிரி ஒரு சத்தம், கீழே தெருவில் ஒருவர் துள்ளி ஓடினார். கால் மணியில் தரை தெரிந்தது.

குழாய் நடுவில் அடைத்து, கழிக்கு எட்டவில்லை என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் இருக்கிறதல்லவா? அதை முழுக்க மாடித் தண்ணீரில் அமுக்கி, உள்ளே இருக்கிற காற்றெல்லாம் குமிழியாக வெளியேறியதும், ஒரு முனையைக் கட்டை விரலால் அடைத்துக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே தொங்கவிடுங்கள். விரலை எடுத்ததும் தானாக இழுத்துக் கொட்ட ஆரம்பிக்கும். மறுமுனை தண்ணீருக்குள்ளேயே இருக்க ஒரு செங்கல்லைக் கட்டிவிட்டால் போதும். இரண்டு மூன்று ஹோஸ் போட்டால் ராத்திரியில் பெரும்பகுதி இறங்கிவிடும். மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். நீங்கள் கடைசியில் இப்படித்தான் இறக்கினீர்கள் என்று உங்கள் பையன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். மழைக்காலம் முடிந்ததும் கைப்பிடிச் சுவரில் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே ஒரு குழாய்த் துண்டைச் சொருகிப் பூசிவிடுங்கள். கீழ்க்குழாய் அடைத்தாலும் அதற்கு மேல் ஒரு சொட்டு நிற்காது. எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியது, பத்து வீட்டில் ஒன்றில்கூட நான் பார்ப்பதில்லை.

தளத்தில் குறுக்கே புதிதாக நீளமான விரிசல், திடீரென்று கதவு நிலையில் பிடிப்பது, மேலே படபடவென்று சத்தம், கம்பி தெரிகிற அளவு காரை பெயர்ந்து விழுவது, இதில் ஒன்று நடந்தாலும் சாமானை எடுக்க நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இவை இல்லாமல் வெறும் ஈரத் திட்டும் சொட்டும் மட்டும்தான் என்றால், தண்ணீர் இறங்கிய மாடிக்குக் கீழே தாராளமாகத் தூங்கலாம். கட்டிலை மட்டும் பூச்சு உப்பியிருக்கிற இடத்துக்கு நேர் கீழே போடாதீர்கள். ஒட்டடைக் கம்பால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வருகிற இடம் என்றைக்காவது விழும்.

படுக்கையறை ஃபால்ஸ் சீலிங்குக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். அந்தத் தொப்பைக்குள் தண்ணீர் நிற்கிறது. நனைந்த ஜிப்சம் பலகை தாங்காது, மொத்தமாக வந்துவிடும். கரண்ட் அணைத்திருக்கிறது என்பதை இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டு, கீழே பெரிய பாத்திரம் வைத்து, கழி நுனியில் ஸ்க்ரூ டிரைவரைக் கட்டி, பக்கத்தில் தள்ளி நின்று தொப்பையின் நடுவில் ஒரு ஓட்டை. வடிந்துவிடும். பலகை போய்விட்டது, அது போனதுதான். மேலே தளம் ஒழுகுகிறதா என்பதைத் தெரியாமல் மறைத்து வைக்கிறதற்குத்தான் மொட்டை மாடி வீட்டில் ஃபால்ஸ் சீலிங் பயன்படுகிறது என்பது என் அபிப்பிராயம். நீங்கள் ஆசையாகப் போட்டது, மன்னிக்க வேண்டும்.

இனி உங்கள் பையன். தம்பி, சிமெண்ட் ஷீட் மேல் ஏறாதே. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூர் பக்கம் கரையேறியது. அடுத்த சில வாரங்கள் நான் அங்கேதான் வேலை பார்த்தேன். புயலில் ஒரு கீறலும் படாத ஒருவர், புயல் போன நாலாம் நாள் ஷீட் மேல் ஏறி ஓட்டையை மூடப் போனார். போல்ட் வரிசை மேல்தான் கால் வைத்து நடந்தார், திரும்பும்போது ஒரு அடி தப்பியது. ஷீட் அப்பளம் மாதிரி முறிந்தது. பன்னிரண்டு அடி, கீழே அம்மிக்கல். இடுப்பு எலும்பு போய்விட்டது. நனைந்த பழைய ஷீட் ஆள் கனத்தைத் தாங்காது, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் ஒரு எச்சரிக்கையும் தராமல் முறியும்.

தார்ப்பாயைத் தரையில் நின்றே போடலாம். நீளக் கயிற்றின் நுனியில் துணியில் சுற்றிய சிறு கல்லைக் கட்டிக் கொட்டகையைத் தாண்டி அந்தப் பக்கம் வீசுங்கள். மூலைக்கு ஒன்றாக இரண்டு கயிறு. அந்தப் பக்கம் ஒருவர் இழுக்க, இந்தப் பக்கம் ஒருவர் கழியால் தூக்கிக் கொடுக்க, தார்ப்பாய் தானாக ஏறிவிடும். கவனிக்க வேண்டியது இதுதான்: ஓட்டையை மட்டும் மூடுகிற மாதிரி துண்டு போட்டால் மேலிருந்து வழிகிற தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து அதே ஓட்டையில் விழும். தனியாக நிற்கிற கொட்டகை என்றால் உயரமான விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு முழமாவது தொங்க வேண்டும். உங்கள் கொட்டகை வீட்டுச் சுவரில் சாய்ந்திருப்பதால், சுவர் ஓரம் தார்ப்பாயின் விளிம்பை ஒரு மரச் சட்டத்தில் இரண்டு சுற்று சுற்றி, சட்டத்தோடு சேர்த்துச் சுவரில் அடித்துவிடுங்கள். வெறும் தார்ப்பாயில் ஆணி அடித்தால் ஒரே காற்றில் கிழியும். ஏணியை வீட்டுச் சுவரில் சாய்த்து, கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு, இந்த வேலையைச் செய்யலாம். கீழ்ப்பக்கக் கயிறுகளை ஷீட்டில் கட்டாதீர்கள், தூணில் கட்டுங்கள். செங்கல், பழைய டயர், அம்மிக் குழவி இதையெல்லாம் தூக்கி மேலே வைப்பது நம் ஊர் வழக்கம். அடுத்த காற்றில் அவை யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. மணல் மூட்டை வைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டிரண்டாகக் கயிற்றில் இணைத்து, மாட்டு முதுகில் பொதி போடுகிற மாதிரி இருபக்கமும் தொங்க வையுங்கள்.

ஷீட் ஏன் பறந்தது என்று போனில் கேட்டீர்கள். காற்று கூரையை அமுக்கும் என்றுதான் நினைப்போம். அது விளிம்பில் உறிஞ்சித் தூக்குகிறது. கொட்டகைக் கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்தும் தள்ளுகிறது. உங்கள் படத்தில் பறந்த இரண்டும் ஓரத்து ஷீட்கள், ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கிற ஜே போல்ட்கள் துருப்பிடித்துப் பாதியாக இளைத்திருக்கின்றன. புது ஷீட் போடும்போது ஓரத்து வரிசைக்கு மட்டுமாவது போல்ட்டை நெருக்கிப் போடச் சொல்லுங்கள், கூரை நீட்டலை ஒரு அடிக்குள் நிறுத்துங்கள்.

உடைந்த துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சிமெண்ட் ஷீட்டில் கல்நார் இருக்கும். அதன் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். எல்லா வகைக் கல்நாரும் அப்படித்தான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. துண்டுகளை நனைத்து, மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, உடைக்காமல் சாக்கில் கட்டி ஓரமாக வையுங்கள். உலர்ந்த பிறகு துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். வாசல் சேற்றில் போட்டு மிதித்து நடைபாதை ஆக்குகிறார்களே, அது வேண்டவே வேண்டாம்.

சரி, அந்த 38 ஆயிரம். இப்படித் தண்ணீர் குடித்துக் கிடக்கிற தளத்தில் பெரும்பாலான ரசாயனப் பூச்சுகள் ஒட்டி நிற்காது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, செய்து தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார் என்று மழை விட்ட மூன்றாம் நாள் ஒரு மாடிக்குப் பூச்சு அடித்துக் கொடுத்தேன். மேலே காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. மாடித் தரையில் பதிக்கிற தட்டோட்டுக்கும் அடியில் இருக்கிற செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை, ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீர் குடித்து வைத்திருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. பங்குனி வெயில் ஏறியதும் அந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைத் தூக்கிவிட்டது. மாடி முழுக்க பூரி பூரியாக எழும்பி நின்றது. சொந்தக் காசில் சுரண்டி எடுத்தேன். அதனால் அவரிடம், "தளம் காயட்டும், மாசி மாதம் வாருங்கள், முன்பணம் அப்போது பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல வேலைக்காரர் என்றால் சரி என்பார்.

மழை இன்னும் இருக்கிறதே, அதையும் ஒரு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சொட்டுகிற, ஈரம் பரவுகிற இடத்தையெல்லாம் உட்கூரையில் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதியும் நேரமும் எழுதுங்கள். மறுநாள் வட்டம் பெரிதானால் இன்னொரு வட்டம். இரண்டு சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து குறித்துக்கொண்டால், வெயில் வந்ததும் மாடியில் அதே இடத்தைப் பிடிக்கலாம். ஓட்டை நேர் மேலே இருக்காது. அங்கிருந்து வாட்டம் ஏறுகிற பக்கமாகத் தேடுங்கள். நடுத்தரையை விட்டுவிட்டு முதலில் கைப்பிடிச் சுவரும் தரையும் சேருகிற மூலை, குழாய் நுழைகிற இடம், தண்ணீர்த் தொட்டியின் கால், டிஷ் ஆண்டெனாவுக்கு யாரோ துளை போட்டு அடித்த போல்ட் இவற்றைப் பாருங்கள். 1998-இல் நன்றாகப் போட்ட தட்டோட்டுத் தளம் இன்னும் பல வருடம் உழைக்கும். பெரும்பாலும் டிஷ் போல்ட்தான் குற்றவாளி.

சுத்தம் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்தாகிவிட்டதா? இல்லையென்றால் இப்போதாவது எடுங்கள், தொங்குகிற ஷீட், சீலிங், நனைந்த பீரோ எல்லாம். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் ஏதாவது இருந்தால் வங்கியில் கேளுங்கள். கடன் கொடுக்கும்போதே பல இடங்களில் வீட்டுக் காப்பீடு எடுத்திருப்பார்கள், வீட்டுக்காரருக்கே தெரியாது. 2021 ஏப்ரலிலிருந்து வருகிற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயலும் வெள்ளமும் அடக்கம். காப்பீடு இருக்கிறது என்றால் உடனே தகவல் சொல்லிவிட்டு, சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் உடைந்த ஷீட்டைத் தூர எறியாதீர்கள். தார்ப்பாய், கயிறு வாங்கிய பில்லையும் வைத்திருங்கள்.

பொங்கல் முடிந்து ஒரு மாதம் நல்ல வெயில் காயட்டும். அப்புறம் ஒரு சின்னச் சோதனை. இரண்டடிக்கு இரண்டடி கண்ணாடி மாதிரித் தெரிகிற பாலிதீன் ஷீட்டை மாடித் தரையில் விரித்து, நாலு பக்கமும் இடைவெளி விடாமல் டேப் ஒட்டி ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் அடிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் தளத்துக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது, இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். வேர்க்கவில்லை என்றால் ஒரு படம் எடுத்து, பென்சில் வட்டங்களின் அளவோடு எனக்கு அனுப்புங்கள். எந்த மூலையை மட்டும் கொத்திப் பூசினால் போதும், எவ்வளவு செலவாகும் என்று அப்போது சொல்கிறேன்.